பாதி நேர ஐயர் தேவை

பூந்தமல்லியிலிருந்து மேற்கே திருவள்ளூர் ரோட்டில் பஸ் பிடித்தால் வழியில் சின்னச் சின்ன ஆலயங்கள் கண்ணில் படும். ஓடு போட்டதோ தளம் போட்டதோ ஒரு கட்டிடம், மேலே ஒரு சிலுவை, முன்னால் ஒரு வேப்பமரம், பாதியில் நின்றுபோன காம்பவுண்டு சுவர், வாசலில் ஆராதனை நேரம் எழுதிய பலகை. அந்தப் பலகையை யாரும் நின்று படிப்பதில்லை. படித்தால் ஒரு விஷயம் பிடிபடும். ஆராதனை வாரா வாரம் உண்டு. திருவிருந்து மட்டும் மாதத்துக்கு ஒரு தடவை. சில ஊர்களில் அதுவும் கிடையாது, ஐயர் வரும்போதுதான்.

(வெளியூர் நண்பர்களுக்கு ஒரு விளக்கம். தமிழ்நாட்டுச் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் தங்கள் போதகரை 'ஐயர்' என்று கூப்பிடுவது பழைய வழக்கம். அவர் மனைவி 'ஐயரம்மா'. சாதிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கல்லூரி ஹாஸ்டலில் ஒருவர் "எங்க ஊர் ஐயர் வீட்ல மீன் குழம்பு" என்று சொன்னால் பதற வேண்டாம் :-) )

மாதம் ஒரு தடவை ஏன்? ஐயருக்கு அந்த ஊர் ஒன்று மட்டும் இல்லை என்பதால்தான். தென்னிந்தியத் திருச்சபையில் பல கிராமச் சபைகளைச் சேர்த்து ஒரு சேகரம் என்று வைத்திருப்பார்கள். சேகரத்துக்கு ஒரு ஆயர். அவர் பெரிய ஊரில் குடியிருப்பார். மற்ற ஊர்களுக்கு முறை வைத்து பைக்கில் போவார். அவர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் உபதேசியாரோ சபை மூப்பரோ ஆராதனை நடத்துவார்கள். பாட்டு உண்டு, ஜெபம் உண்டு, பிரசங்கமும் உண்டு. அப்பமும் ரசமும் மட்டும் கிடையாது. அதைக் கொடுக்கக் குருப்பட்டம் வேண்டும்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டு அப்பம் இந்த வாரம் கிடைத்தால் என்ன, அடுத்த மாதம் கிடைத்தால் என்ன? படுக்கையில் கிடக்கும் ஒரு பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். "ஐயர் எப்ப வருவார்?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். கேட்பது மருந்து மாத்திரையைப் பற்றி இல்லை. சாவதற்கு முன் ஒரு தடவை திருவிருந்து எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஐயருக்கு போன் போட்டால் அன்றைக்கு அவருக்கு இன்னொரு ஊரில் கல்யாணம். ஐயர் மேல் தப்பில்லை. எட்டு ஊருக்கு ஒரு ஆள்.

அப்படியானால் ஊருக்கு ஒரு ஐயர் போட வேண்டியதுதானே? இங்கேதான் கணக்கு இடிக்கிறது. ஒரு சபையில் 40 குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பேர் கட்டிட வேலை, கொஞ்சம் பேர் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, நாலைந்து பேர் அரசாங்க உத்தியோகம். ஒரு குடும்பம் மாதம் 200 ரூபாய் சந்தா கொடுத்தாலும் 8000 ரூபாய். இதில் கரண்ட் பில், கோயில்பிள்ளைக்குக் கொஞ்சம், பேராயத்துக்குக் கட்ட வேண்டிய பங்கு எல்லாம் போக மிஞ்சுவதில் பட்டப்படிப்பும் அதற்கு மேல் இறையியலும் படித்த, இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கும் ஒரு மனிதருக்குச் சம்பளம் கொடுக்க முடியுமா? ஒரு வாரத்துக்குக்கூடப் போதாது. அந்தச் சபைக்கு முழு ஐயர் கட்டாது. ஐயரே இல்லாமலும் ஆகாது. தேவைப்படுவது அரை ஐயர்.

இதே சிக்கல் இங்கிலாந்துக் கிராமங்களிலும் இருக்கிறது. அவர்கள் அதைச் சமாளிக்கும் விதம் நம் கண்ணுக்கு வேடிக்கையாக இருக்கும். அங்கே விளம்பரம் கொடுப்பார்கள்! ஊர்ச் சபைக் குழு உட்கார்ந்து ஊரைப் பற்றி ஓர் அறிக்கை தயாரிக்கும். எத்தனை பேர் கோயிலுக்கு வருகிறார்கள், கூரை எப்படி இருக்கிறது, ஐயர் வீட்டில் எத்தனை அறை, தோட்டம் உண்டா, எப்படிப்பட்ட ஆளை எதிர்பார்க்கிறோம் என்று எல்லாமே அதில் இருக்கும். படித்தால் நம் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் மணமகன் தேவை பகுதி ஞாபகம் வரும். 'வீட்டுக்கு ஊழியம்' என்று ஒரு வகைப் பதவியே அங்கே இருக்கிறது. சம்பளம் கிடையாது, குடியிருக்க வீடு உண்டு, பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வாரத்தில் இன்னும் இரண்டு நாளும் வேலை. ரிட்டையர் ஆன குருக்களுக்கு ரொம்பத் தோதான ஏற்பாடு.

நம் பக்கம் விளம்பரம் என்ற பேச்சே கிடையாது. ஆயரை அனுப்புவது பேராயர். பொதுவாகப் பள்ளிக்கூட லீவை ஒட்டி டிரான்ஸ்பர் பட்டியல் வரும். அதற்கு முன்னால் சபையில் நாலு பெரியவர்கள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, ஒரு மனுவை எழுதிக்கொண்டு, கதீட்ரல் ரோட்டில் இருக்கும் பேராய அலுவலகத்துக்குப் போய்க் காத்திருப்பார்கள். இவரை மாற்றாதீர்கள் என்றோ, தயவுசெய்து மாற்றுங்கள் என்றோ மனு இருக்கும். "எங்களுக்கென்று ஒருவர்" என்று கேட்கும் மனுவும் உண்டு. பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "பார்க்கலாம், ஜெபம் பண்ணுங்கள்."

ஒரு வேடிக்கை. பாதி நேர ஊழியர் என்ற யோசனை ஏதோ வெள்ளைக்காரர்களின் புது ஏற்பாடு போலத் தோன்றுகிறது. உண்மையில் இந்தப் பக்கத்துக் கிராமச் சபைகள் ரொம்ப காலம் பாதி நேர ஊழியரை வைத்துத்தான் ஓடின. அவருக்கு அந்தப் பெயர் இல்லை, அவ்வளவே. அவர் பெயர் வாத்தியார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் திருவள்ளூர் பக்கம் இக்காட்டில் வெஸ்லியன் மிஷனும், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் ஸ்காட்லாந்து மிஷனும் வேலை செய்தன. சேரியில் ஒரு கூட்டம் மக்கள் கிறிஸ்தவர்கள் ஆனால் மிஷன் முதலில் அங்கே போடுவது ஒரு பள்ளிக்கூடம். ஒரு கொட்டகைதான். திங்கள் முதல் வெள்ளி வரை அதில் அரிச்சுவடி, வாய்ப்பாடு. ஞாயிற்றுக்கிழமை அதே கொட்டகை, அதே கரும்பலகை, அதே வாத்தியார், ஆனால் ஆராதனை. சாயங்காலம் வீடு வீடாகப் போய் ஜெபம். யாராவது செத்தால் அடக்கம். போலீஸ் ஸ்டேஷனுக்கோ கச்சேரிக்கோ மனு எழுத வேண்டுமென்றாலும் அவர்தான். ஊரில் பேனா பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள்.

இந்த ஆளுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் அந்தக் காலத்துப் புத்திசாலித்தனம் இருக்கிறது. 1854-இல் வந்த உட் கல்வி அறிக்கைக்குப் பிறகு தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கத் தொடங்கியது. பள்ளிக்கூடத்துக்கு மானியம் வந்தால் வாத்தியாருக்குச் சம்பளத்தில் ஒரு பகுதி வந்த மாதிரி. மிச்சத்தை மிஷன் போடும். ஊர்ச் சபை பிடி அரிசி எடுத்து வைக்கும். (தெரியாதவர்களுக்கு: உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து, வாரக் கடைசியில் கோயிலில் கொட்டுவது.) இப்படி மூன்று பக்கமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து ஒரு குடும்பம் பிழைத்தது, ஒரு ஊருக்கு ஊழியரும் கிடைத்தார்.

வாத்தியாரைச் சொல்லிவிட்டு வாத்தியார் அம்மாவைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஞாயிறு பள்ளி, பெண்கள் ஜெபக் கூட்டம், பிரசவ வீட்டுக்குப் போவது எல்லாம் அவர் தலையில்தான். இன்றைக்கும் ஐயரம்மாவின் நிலைமை பெரிதாக மாறவில்லை. சபை ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிறது, இரண்டு பேரிடம் வேலை வாங்குகிறது. பாதி நேர ஊழியரைத் தேடி அலையும் சபைகள், தங்களிடம் ஏற்கெனவே சம்பளமில்லாத ஒரு பாதி நேர ஊழியர் இருந்ததைக் கணக்கிலேயே எடுத்ததில்லை. தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கியது 1976-இல்தான்.

சரி, அந்த வாத்தியார் எங்கே போனார்?

அவர் நல்லபடியாகத்தான் போனார். ஆசிரியர் வேலை மெல்ல மெல்ல மரியாதையான, பாதுகாப்பான வேலையாக மாறியது. மானியம் போய் அரசாங்கமே சம்பளம் கொடுக்கும் நிலை வந்தது. 1973-இல் தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்து, ஆசிரியரை நினைத்தபோது வீட்டுக்கு அனுப்பும் நிர்வாகத்தின் அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்டது. இதெல்லாம் வேண்டியதுதான், யாரும் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்து மிஷன் வாத்தியார்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. மேனேஜர் முகம் கோணினால் வேலை போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பண்ண மாட்டேன் என்று ஒருவர் சொல்லியிருக்க முடியுமா? ஆனால் இதன் பக்க விளைவாக வாத்தியாரும் உபதேசியாரும் இரண்டு ஆட்களாகப் பிரிந்துவிட்டார்கள். வாத்தியார் பூந்தமல்லியிலோ ஆவடியிலோ வீடு கட்டிக்கொண்டு ஒன்பது மணி பஸ்ஸில் வந்து நாலரை மணி பஸ்ஸில் திரும்பினார். உபதேசியார் ஊரிலேயே தங்கினார், ஆனால் மானியம் இல்லாத பழைய சம்பளத்தில். அந்தச் சம்பளத்துக்கு ஆள் வருவது வருஷா வருஷம் குறைந்தது.

அந்தப் பழைய ஏற்பாட்டிலும் ஒரு ஓட்டை இருந்தது. வாத்தியார் எல்லாம் செய்தார், திருவிருந்து மட்டும் கொடுக்க முடியவில்லை. நாற்பது வருஷம் ஒரே சபையை மேய்த்த மனிதர், மாதம் ஒரு தடவை வரும் இருபத்தெட்டு வயது ஐயருக்குப் பக்கத்தில் கைகட்டி நின்று தட்டை நீட்டுவார். ஏன் அவருக்கே பட்டம் கொடுக்கவில்லை?

இந்தக் கேள்வியை ஒரு ஆள் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். ரோலண்ட் ஆலன் என்ற ஆங்கிலேயர். வட சீனாவில் மிஷனரியாக இருந்தவர், 1900-இல் நடந்த பாக்ஸர் கலகத்தில் பீக்கிங்கில் முற்றுகைக்குள் மாட்டியவர். பிறகு இங்கிலாந்தில் சால்ஃபாண்ட் செயின்ட் பீட்டர் என்ற ஊரின் போதகரானார். பேருக்குக் கிறிஸ்தவர்களாக இருப்பவர்கள் குழந்தைகளுக்கெல்லாம் கேள்வி கேட்காமல் ஞானஸ்நானம் கொடுக்க முடியாது என்று 1907-இல் அந்த வேலையை விட்டார். 1912-இல் பவுலின் மிஷனரி முறைகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் பிரபலம். அவர் வாதம் எளிமையானது. பவுல் போன இடத்தில் சில மாதங்கள் இருப்பார், அந்த ஊர் ஆட்களையே மூப்பர்களாக நியமிப்பார், கிளம்பிவிடுவார். பவுலே கொரிந்துவில் கூடாரம் செய்யும் தொழில் பார்த்துக்கொண்டு பிரசங்கம் பண்ணியவர். நாம் என்ன செய்கிறோம்? ஒரு ஊரில் சபையை உண்டாக்கிவிட்டு, சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை என்பதற்காக அந்தச் சபையைத் திருவிருந்து இல்லாமல் பட்டினி போடுகிறோம். சொந்தத் தொழில் செய்து பிழைக்கும் ஊர்ப் பெரியவருக்குப் பட்டம் கொடுங்கள், சம்பளம் வேண்டாம். இதற்காகவே 1930-இல் தனியாக ஒரு புத்தகம் எழுதினார். 1920-களின் பிற்பகுதியில் இந்தியாவுக்கும் வந்து போனார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், அத்தோடு சரி. 1947-இல் நைரோபியில் இறந்தார். அதே வருஷம் செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று ஆளுக்கொரு பக்கம் இருந்தவர்கள் குருப்பட்டம் என்றால் என்ன என்று வருஷக்கணக்கில் பேசி ஒரு முடிவுக்கு வந்த அதிசயம் அது. அவ்வளவு பேசியும் கிராமத்து வாத்தியாரின் கதை பழையபடிதான் நின்றது.

ஆலன் சொன்னது இவ்வளவு எளிமை என்றால் ஏன் நடக்கவில்லை? படிப்பு போதாது என்பது எப்போதும் சொல்லும் காரணம். இன்னொரு காரணம் வெளியே சொல்லாதது. யார் கையால் வாங்குவது என்பதுதான் அது.

தமிழ்நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபையில் முதல் தமிழ்க் குருவானவர் ஆரோன். கடலூர்க்காரர். 1733 டிசம்பரில் தரங்கம்பாடியில் பட்டம் பெற்று மாயவரம் பக்கத்துக் கிராமச் சபைகளைக் கவனித்தார். இரண்டாவது ஆள் தேட வேண்டி வந்தது. தஞ்சாவூர்ப் பகுதியில் ராஜநாயக்கன் என்ற உபதேசியார் இருந்தார். முன்னாள் சிப்பாய், ஊர் ஊராகச் சபைகளை உண்டாக்கியவர். உழைப்பை வைத்துப் பார்த்தால் அவருக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அவர் பறையர். மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் அவர் கையால் திருவிருந்து வாங்க மாட்டார்கள், அவரை வீட்டுக்குள் விட மாட்டார்கள் என்று மிஷனரிகள் பயந்தார்கள். 1741-இல் தியோகோ என்பவருக்குப் பட்டம் போனது. ராஜநாயக்கன் கடைசி வரை உபதேசியார்தான்.

இன்றைக்குப் பூந்தமல்லியைச் சுற்றி இருக்கும் பல கிராமச் சபைகள் ராஜநாயக்கன் வழி மக்களின் சபைகள். அவர்களுக்கு ஊர்க்காரரே ஐயரானால் கை பிரச்சனை இல்லை என்று தோன்றலாம். வேறு பிரச்சனை வருகிறது. ஊருக்குள் எல்லாரும் மாமன், மச்சான், சித்தப்பா. சபைத் தேர்தலில் இரண்டு அணி. ஐயர் ஒரு அணித் தலைவரின் பங்காளியாக இருந்தால் மற்ற அணியின் பெண்ணுக்கு ஓலை வாசிக்கும்போது தொண்டை அடைக்குமா அடைக்காதா? (கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெயர் வாசிப்பதற்கு ஓலை என்று பெயர்.) வெளியூர் ஐயர் என்றால் மூன்று, நாலு வருஷம் சகித்துக்கொண்டால் டிரான்ஸ்பர் வந்துவிடும். உள்ளூர் ஐயருக்கு டிரான்ஸ்பர் ஏது? பாதி நேர ஐயரை எதிர்ப்பவர்கள் சொல்வதில் இதுதான் கனமான வாதம். இதற்கு ஆலனிடம் நல்ல பதில் இருந்த மாதிரித் தெரியவில்லை. ஒரே ஆளுக்குக் கொடுக்காதீர்கள், ஊருக்கு இரண்டு மூன்று பேருக்குக் கொடுங்கள் என்றார். நம் ஊரில் இரண்டு அணிக்கும் தலைக்கு ஒரு ஐயர் ஆகிவிடும்.

படிப்பு விஷயத்தில் வழி பிறந்தாயிற்று. 1960-களின் தொடக்கத்தில் குவாதமாலாவில் ஒரு பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரிக்கு ஒரு கசப்பான விஷயம் புரிந்தது. நகரத்துக்கு வந்து படித்த பையன்கள் கிராமத்துக்குத் திரும்புவதில்லை. ஊரில் உண்மையாகவே சபையை நடத்துபவர்கள் கல்லூரிக்கு வர முடியாத குடும்பஸ்தர்கள். சரி, கல்லூரியை அவர்களிடம் அனுப்புவோம் என்று பாடப் புத்தகங்களை வீட்டுக்கு அனுப்பி, வாரம் ஒரு தடவை ஆசிரியர் நேரில் போய்ச் சந்திக்கும் முறையைத் தொடங்கினார்கள். அது உலகம் முழுக்கப் பரவி 1970-களில் பெங்களூருக்கும் வந்தது. வேலை பார்த்துக்கொண்டே இறையியல் படித்தவர்கள் இங்கே நிறைய உண்டு. கௌரவ ஆயர்கள் என்று சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்பவர்களும் உண்டு. கல்லூரிப் பேராசிரியர், டாக்டர் என்று இருப்பார்கள். ஆனால் அவர்களை எங்கே பார்க்கலாம்? பெரும்பாலும் ஏற்கெனவே ஐயர் இருக்கும் பெரிய சபைகளில். எட்டு ஊருக்கு ஒரு ஆள் இருக்கும் இடத்தில் இல்லை.

பூந்தமல்லிக்கு இந்த விவகாரத்தில் இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. ஊரே முழு நேர ஊழியர்களுக்குப் பேர் போனது. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்திறங்கும் பட்டாளத்தைத் தங்கவைக்கும் முகாம் இங்கே இருந்தது. பட்டாளத்துக்குச் சாப்ளின் யார் என்று அந்தச் சிப்பாய்கள் தேட வேண்டியிருக்கவில்லை. சம்பளம் சர்க்கார் கஜானாவிலிருந்து போகும். பிறகு 1936-இல் பேராயர் லூயி மத்தியாஸ் காலத்தில் இங்கே கத்தோலிக்கரின் திரு இருதயக் குருமடம் வந்தது. தமிழ்நாட்டின் பல மறைமாவட்டங்களிலிருந்து பையன்கள் இங்கே வந்து தத்துவமும் இறையியலும் வருஷக்கணக்கில் படித்துக் குருக்களாகிறார்கள். கல்யாணம் கிடையாது, வேறு வேலை கிடையாது, முழு வாழ்க்கையும் கொடுத்தாயிற்று. அந்த முறையின் பலம் அது. அதன் இடைஞ்சல் எங்கே தெரியும் என்றால், ஆள் கிடைக்காத இடத்தில் தெரியும். அமேசான் காட்டுக் கிராமங்களில் குருவானவர் வர மாதக்கணக்கில் ஆகும், சில இடங்களில் ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். 2019 அக்டோபரில் ரோமில் கூடிய அமேசான் ஆயர் மாமன்றம், அந்த ஊர்களில் மதிப்புள்ள, கல்யாணமான பெரியவர்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாம் என்று ஓட்டுப் போட்டுக் கேட்டது. 2020 பிப்ரவரியில் போப் பிரான்சிஸ் எழுதிய பதிலில் அந்த யோசனையை எடுத்துக்கொள்ளவில்லை. கதீட்ரல் ரோட்டில் கிடைக்கும் "பார்க்கலாம்" எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது பாருங்கள்.

இதற்கிடையில் ஒரு கூட்டம் யாரையும் கேட்காமல் காரியத்தை முடித்துவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி டாங்கி பாக்டரி, இருங்காட்டுக்கோட்டை கார் கம்பெனிகள் என்று இந்தப் பக்கம் முழுக்க தொழிற்சாலை. வாரம் முழுக்க அங்கே லேத்தில் நிற்பவர் ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுச் சபை நடத்துகிறார். அவரே பிரசங்கம், அவரே அப்பம். பாதி நேர ஊழியருக்கு வாழும் உதாரணம் வேண்டுமென்றால் கரையான்சாவடியிலோ காட்டுப்பாக்கத்திலோ ஞாயிறு காலை ஒரு நடை நடந்தால் போதும். பழைய சபைக்காரர்கள் "கொட்டகைப் பாஸ்டர்" என்று கிண்டல் பண்ணுவார்கள். பண்ணிக்கொண்டே, வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் ராத்திரி பத்து மணிக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர்தான் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். அவருக்குக் கணக்குக் கேட்க மேலே ஆளில்லை, தப்புப் பண்ணினால் திருத்த ஆளில்லை என்பதும் உண்மை. அதற்காகத்தான் பேராயர், பட்டம், டிரான்ஸ்பர் எல்லாம் இருக்கிறது. ஆனால் ஆளே வராத ஒழுங்குக்கும், ஒழுங்கில்லாமல் வந்து நிற்கும் ஆளுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது அந்தப் பாட்டி.

நாளைக்கே பேராயம் மனசு வைத்து, ஒரு சின்னச் சபை தனக்கென்று பாதி நேர ஐயரைத் தேடலாம் என்று சொன்னால் அந்த விளம்பரத்தில் என்ன எழுத வேண்டும்? இங்கிலாந்து மாதிரி 'வீடு உண்டு' என்று எழுத முடியாது. பூந்தமல்லி சுற்றுவட்டத்தில் மெட்ரோ தூண்கள் எழும்பிய பிறகு வாடகை எங்கேயோ போய்விட்டது. கோயில் பின்பக்கம் இருந்த பழைய உபதேசியார் வீடு ஓடு சரிந்து கிடக்கும். 'பென்ஷன் வாங்கும் ஆசிரியருக்கு முன்னுரிமை' என்று எழுதலாம், வட்டம் முழுமையாகி வாத்தியாரே திரும்பி வந்த மாதிரியும் இருக்கும். 'இந்த ஊரில் சொந்தக்காரர் இருக்கக் கூடாது' என்று ஒரு அணி எழுதச் சொல்லும். 'இருக்க வேண்டும்' என்று இன்னொரு அணி சொல்லும். பெண்கள் விண்ணப்பிக்கலாம் என்று எழுத ஒரு மாத விவாதம் நடக்கும். 1872-ஆம் வருஷத்துக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி கல்யாணம் நடத்தி வைக்கும் தகுதி இருக்க வேண்டும் என்று செயலாளர் ஞாபகப்படுத்துவார்.

கம்பெனி வேலையில் இருப்பவர் வந்தால் இன்னொரு வரியும் சேர்க்க வேண்டும். ஷிப்ட். மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது அவருக்கு நைட் ஷிப்ட் விழும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு விடுவார்கள், கம்பெனி பஸ் பூந்தமல்லியில் இறக்கிவிட ஏழு ஆகும். குளித்து அங்கி மாட்டிக்கொண்டு வர எட்டு. அந்த வாரம் மட்டும் ஆராதனையை ஏழரையிலிருந்து எட்டரைக்குத் தள்ளி வைத்தால் போதும்.